மைக் செட்டில் 'உம்ம்' சத்தம்



மாசி மாதம் திருவனந்தபுரத்தில் ஆற்றுகால் பொங்காலை. தெருவுக்குத் தெரு மைக் செட் பாடும். அதன் பிறகும் கோயில் உற்சவம், கல்யாணம், நவராத்திரிக் கச்சேரி என்று வேலை வந்துகொண்டே இருக்கும். மைக் செட் போடுகிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. பாட்டுத் தொடங்கும் முன்பே ஸ்பீக்கரில் 'உம்ம்...' என்று ஒரு சத்தம். வண்டு போல விடாமல் கேட்கும்.

சிலர் இதற்கு ஒரு வைத்தியம் செய்கிறார்கள். மூன்று கால் பிளக்கில் தடித்த காலை உடைத்துவிடுகிறார்கள். சத்தம் நின்றுவிடும். ஆனால் அந்தக் கால்தான் எர்த். அது மற்ற இரண்டு கால்களையும்விட நீளம். ஏன்? சொருகும்போது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும். பெட்டிக்குள் கரண்ட் கசிந்தால் எர்த் ஒயர் அதை மண்ணுக்குக் கொண்டுபோகும். எர்த் இல்லை என்றால்? தொடுகிற மனிதனின் உடல் வழியாகப் போகும்.

லெஸ்லி ஹார்வி என்று ஒரு கிட்டார் கலைஞர். 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டில் சுவான்சி நகரில் மேடை ஏறினார். கையில் கிட்டார். மைக்கைத் தொட்டார். எர்த் சரியாக இல்லை. ஷாக் அடித்து இறந்துபோனார். வயது 27.

சரி, சத்தம் ஏன் வருகிறது? கீபோர்டு மேடையில் ஒரு பிளக்கில் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் தூரத்தில் வேறு பிளக்கில் இருக்கிறது. இரண்டுக்கும் எர்த் உண்டு. நடுவில் போகும் பாட்டு ஒயரின் வெளிக்கம்பியும் இரண்டையும் சேர்க்கிறது. இப்போது எர்த் ஒரு வளையம் ஆகிவிட்டது. அந்த வளையத்தில் கொஞ்சம் கரண்ட் சுற்றுகிறது. நம் கரண்ட் ஒரு நொடிக்கு 50 முறை துடிக்கும். அந்தத் துடிப்புதான் 'உம்ம்'.

எந்தப் பெட்டியில் குற்றம்? முதலில் வால்யூமைக் குறையுங்கள். பாட்டு ஒயர்களை மிக்ஸரிலிருந்து பிடுங்குங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சொருகி, வால்யூமை மெல்ல ஏற்றிக் கேளுங்கள். எதைச் சொருகும்போது சத்தம் வருகிறதோ, அங்கேதான் கோளாறு. எலக்ட்ரானிக் தம்புராவாக இருந்தால் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் அடாப்டர்தான் காரணம்.

வளையம் என்று தெரிந்தால், கீபோர்டையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே எர்த் உள்ள ஒரே பலகையில் சொருகுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். ஆகவில்லையா? டி.ஐ. பாக்ஸ் என்று ஒரு சின்னப் பெட்டி கடையில் கிடைக்கும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். அதில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்ற சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால் பாட்டு ஒயரில் உள்ள எர்த் மட்டும் பிரியும். பிளக்கின் எர்த் அப்படியே இருக்கும்.

'உம்ம்' இல்லாமல் 'கர்ர்' என்று கேட்டால் அது வேறு விஷயம். சீரியல் லைட்டை அணைத்துப் பாருங்கள். மைக் ஒயரையும் கரண்ட் ஒயரையும் சேர்த்துக் கட்டாதீர்கள்.

இன்னொன்று. ஒயரை உரித்து, தீக்குச்சி வைத்துச் சொருகுகிறார்களே, அதில் எர்த் எங்கே இருக்கிறது?

எர்த் குழி மண் காய்ந்தாலும் எர்த் சரியாக வேலை செய்யாது. கோடையில் அந்தக் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.