மாக்கோழியும் உயிர்க்கோழியும்



யசோதர காவியத்தின் கதை தமிழ்ச் சமணர் நன்கறிந்தது. அன்னையின் வற்புறுத்தலால் மன்னன் மாவினாற் செய்த கோழியைப் பலியிட்டான். உருவம் உயிரற்றதாயினும் எண்ணம் கொலையே ஆயிற்று. தாயும் மகனும் பல விலங்குப் பிறவிகளில் உழன்று, இறுதியில் கோழிகளாய்ப் பிறந்து, அறவுரை கேட்ட பின்னரே மானிடப் பிறவி எய்தினர்.

மாக்கோழிக்கே இத்துணை வினையெனில், திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துச் சிற்றூர்க் கொல்லைகளில், நாய் கடித்துக் குருதி வடிய நிற்கும் உயிர்க்கோழியைக் கண்டும் காணாமற் செல்வது தகுமா?

சிவந்த புண்ணைக் கண்டால் உடன் வளர்ந்த கோழிகளே கொத்திக் கொன்றுவிடும். ஆதலின் அடிபட்டதை முதலில் பிரித்துப் பஞ்சாரத்தில் அடைத்தல் வேண்டும். கொதித்தாறிய உப்புநீரால் புண்ணைக் கழுவி, ஈ மொய்க்காமற் காத்து, நீரும் தீனியும் அருகில் வைத்தல் வேண்டும். புண் ஆழமாயின் கால்நடை மருத்துவரை நாடுக. பஞ்சாரம் ஏனைய கோழிகளின் கண்ணிற்படும்படி இருத்தல் நன்று. நெடுநாள் மறைத்து வைத்தால், திரும்பி வருவதனைக் கூட்டம் அயலதாகக் கருதித் தாக்கும். புண் முற்றும் ஆறிய பின், பொழுது சாயும் வேளையில் சேர்க்கலாம்.

தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே, திகம்பரர் கோயில் வளாகத்தில் உள்ள பறவைகள் மருத்துவமனை கட்டணமின்றி இவ்வறத்தை ஆற்றி வருகிறது. குணமடைந்த பறவையை வானில் விடுவிப்பதே அதன் வழக்கம். அத்தகைய மனை ஊர்தோறும் அமைதல் அரிது; இல்லந்தோறும் ஒரு பஞ்சாரம் இயலும்.

கொல்லாமை நோன்பின் ஒரு பாதி. காத்தல் அதன் மறுபாதி.

வாழ்க அறம்!