கோப்புக் களஞ்சியமும் அதன் காவலாளனும்



நெற்களஞ்சியத்தில் எலி புகுந்தால், சிந்திக் கிடக்கும் உமியைக் கண்டு அறிந்துகொள்ளலாம். கணினியின் வன்தட்டிலே சேமித்த காணி உறுதியின் பிரதியில் ஓர் இலக்கம் மாறிவிட்டாலோ, அதனை எவரும் அறியார். தட்டு பழுதுற்று நின்றுபோவது ஒருவகை இழப்பு. அது ஒழுங்காகச் சுழன்றுகொண்டே பிழையானதைச் சரியானதென்று திருப்பித் தருவது மற்றொரு வகை. பின்னையதே அஞ்சத்தக்கது.

வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள கணினிகள் யாவும் வலையமைப்பின் வழியாகத் தம் கோப்புக்களை வைத்தெடுக்கும் பொதுப் பெட்டி ஒன்று உண்டு. அதனுள்ளே இரண்டோ நான்கோ வன்தட்டுக்கள் இருக்கும். அப்பெட்டியை ஆளும் மென்பொருளே அதன் பணிசெயல் முறைமை. எக்கோப்பை எவர் திறக்கலாம், எதனை எங்கே எழுதுவது என்பவற்றைத் தீர்மானிப்பது அதுவே.

பழைய கணினியொன்றையும் இத்தகைய களஞ்சியமாக்கவல்ல இலவச முறைமைகள் உள. அவற்றுள் பெயர்பெற்ற ஃபிரீநாஸ், 2005ஆம் ஆண்டில் ஒலிவியே கோஷார்-லாபே என்பவரால் தொடங்கப்பெற்றது. 2020இல் அது ட்ரூநாஸ் எனப் பெயர் மாறிற்று. ஃபிரீநாஸ் ஆக்கத்தில் ஈடுபட்டிருந்த ஃபோல்க்கர் தைலே, டெபியன் லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு ஓப்பன் மீடியா வோல்ட் என்பதனை அமைத்தார். பெயர்களைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. உள்ளே நடப்பதுதான் நமக்கு வேண்டியது.

ட்ரூநாஸின் உயிர்நிலை இசட்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜெஃப் பொன்விக், மத்தியூ ஆரென்ஸ் ஆகியோர் 2001இல் தொடங்கிய வேலை அது. தட்டை நம்பாதிருப்பதே அதன் கொள்கை. எழுதப்படும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்புத் தொகையைக் கணித்து, அத்தொகையை அத்துண்டின் அருகே வைக்காமல், அதனைச் சுட்டும் மேற்றுண்டிலே பதிந்து வைக்கிறது. கணக்கெழுதியவனையே கணக்குப் பரிசோதகனாக நியமிக்காத முதலாளியை இங்கே நினைத்துக்கொள்ளலாம். வாசிக்கும்போது தொகை ஒவ்வாவிடின், இரண்டாவது தட்டிலுள்ள நற்பிரதியை எடுத்துத் தந்து, கெட்டதையும் திருத்தி எழுதிவிடும். தட்டு ஒன்றே இருந்து வேறு பிரதியும் இல்லையெனில், பிழையை அறிவிக்குமேயன்றித் திருத்த மாட்டாது.

ஆயினும் வாசித்தாலன்றோ பிழை தெரியும்? பத்து ஆண்டாக எவரும் திறவாத திருமணப் படங்கள், இரு தட்டிலும் ஒருங்கே பழுதாகும்வரை அப்படியே கிடக்கக்கூடும். இதற்காகவே தட்டில் சேமித்துள்ளவை முழுவதையும் வாசித்துச் சோதிக்கும் 'ஸ்கிரப்' என்னும் ஏற்பாடு உண்டு. விலையுயர்ந்த தட்டு வாங்குவதற்கு முன், இச்சோதனைக்கு மாதமொரு நாள் குறித்து வையுங்கள் என்பேன்.

இன்னுமொன்று. இம்முறைமை பழையதன்மீது எழுதாது. மாற்றத்தை வேறிடத்தில் எழுதும். ஆதலால் நேற்றைய நிலையைப் படம்பிடித்தாற்போல நிறுத்தி வைக்கலாம்; குழந்தை அழித்துவிட்ட கோப்பு மீளும். தீக்கும் திருடனுக்கும் இது மருந்தன்று. பெட்டி போனால் எல்லாம் போம். எனவே உறவினர் வீட்டில் மற்றொரு பெட்டி வைத்து, அந்நிலைப்படங்களை அதற்கு அனுப்புதல் வேண்டும். முதன்முறை நெடுநேரம் பிடிக்கும்; பின்னர் மாறிய பகுதி மாத்திரமே செல்லும்.