செவ்வாற்றங்கரையில் ஒரு பிரெஞ்சு ஊர்



கனடா நாட்டின் நடுவில் இருக்கிறது மனிடோபா மாகாணம். அதன் தலைநகரம் வின்னிபெக். ஏறக்குறைய ஏழரை லட்சம் பேர் வாழும் அந்த நகரத்தில் எங்கு பார்த்தாலும் ஆங்கிலம்தான். ஊருக்கு நடுவே ரெட் ரிவர் என்னும் செவ்வாறு வடக்கு நோக்கி ஓடுகிறது. அதன் கிழக்குக் கரையில் இருக்கும் பகுதியின் பெயர் சென் போனிஃபாஸ். அங்கே பள்ளிக்கூடமும் பல்கலைக்கழகமும் பிரெஞ்சு மொழியில் நடக்கின்றன. 1913 முதல் ஒரு பிரெஞ்சு வாரப் பத்திரிகை வருகிறது. 1925-ல் தொடங்கிய பிரெஞ்சு நாடகக் குழு இன்றும் மேடை ஏறுகிறது. பிரெஞ்சு பேசும் மொன்றியால் நகரமோ சாலை வழியே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. இவ்வளவு தூரத்தில் ஒரு மொழி இருநூறு ஆண்டுகள் எப்படி நிலைத்தது? இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அந்தக் கரையில் முதலில் வாழ்ந்தவர்கள் கிரீ, ஒஜிப்வே முதலான பூர்வகுடி மக்கள். விலங்குத்தோல் வணிகத்துக்காகப் படகோட்டி வந்த பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் குடும்பங்களில் பெண் எடுத்தார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்களே மேட்டி எனப்படும் மக்கள். பிரெஞ்சும் கிரீயும் பின்னிப் பிணைந்த மிச்சிஃப் என்னும் மொழியையே அவர்கள் உருவாக்கினார்கள்.

ஊர்ப் பெயரின் கதை நமக்கும் சற்று நெருக்கமானது. போனிஃபாஸ் ஜெர்மானியர்கள் போற்றும் புனிதர். பிரெஞ்சு ஊருக்கு அவர் பெயர் வந்ததற்குக் காரணம் டி மெரோன் என்ற கூலிப்படை. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஒரு பிரபு திரட்டிய அந்தப் படை, டச்சுக் கம்பெனிக்காக இலங்கையில் காவல் இருந்தது. 1795-ல் ஆங்கிலேயர் பக்கம் மாறியது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்கு எதிராகப் போரிட்டது. பிறகு கனடாவுக்கு அனுப்பப்பட்டு, 1816-ல் கலைக்கப்பட்டது. செவ்வாற்றுக் குடியேற்றத்தின் தலைவரான செல்கர்க் பிரபு, அந்தப் படையிலிருந்து விடுபட்ட வீரர்களில் சுமார் நூறு பேரைக் காவலுக்கு அழைத்துவந்து கிழக்குக் கரையில் குடியேற்றினார். அவர்களில் பலர் ஜெர்மன் பேசும் கத்தோலிக்கர்கள். 1818 ஜூலையில் கியூபெக்கிலிருந்து வந்த ப்ரோவான்ஷே பாதிரியார் அங்கே ஒரு சிறு கோயிலைக் கட்டி, அவர்களை மனத்தில் வைத்து இந்தப் பெயரைச் சூட்டினார். 1826-ல் பெருவெள்ளம் வந்தது. வீரர்களில் பெரும்பாலோர் ஊரை விட்டே போய்விட்டார்கள். பெயர் மட்டும் தங்கிவிட்டது.

ஆறு அழித்தது உண்டு. ஆனால் அந்த ஊரின் வாழ்க்கையே ஆற்றைப் பார்த்து அமைந்ததுதான். மேட்டி மக்களின் நிலங்கள் நீள நீளமான கீற்றுகளாக இருந்தன. முன்பக்கம் குறுகலாக ஆற்றைத் தொடும். பின்பக்கம் இரண்டு மைல் வரை புல்வெளிக்குள் போகும். இதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீரும் படகுத்துறையும் கிடைத்தன. பக்கத்து வீடும் கூப்பிடு தூரத்தில் இருந்தது. 1869-ல் கனடா அரசின் நில அளவையாளர்கள் சங்கிலியோடு வந்து, இந்தக் கீற்றுகளைக் கண்டுகொள்ளாமல் சதுரம் சதுரமாக அளக்கத் தொடங்கினார்கள். அவர்களை ஓர் இளைஞரும் தோழர்களும் தடுத்து நிறுத்தினார்கள். அந்த இளைஞர்தான் லூயி ரியேல். 1844-ல் அதே மண்ணில் பிறந்தவர்.

ரியேல் தற்காலிக அரசு அமைத்துக் கனடாவோடு பேச்சு நடத்தினார். அதன் பயனாக 1870-ல் மனிடோபா மாகாணம் உருவானது. சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் சம உரிமை என்று சட்டமும் எழுதப்பட்டது. அந்த ஆண்டு எடுத்த மக்கள்தொகைக் கணக்கைக் கேளுங்கள். மாகாணத்தின் மொத்த மக்கள் சுமார் 12,000. அவர்களில் 5,757 பேர் பிரெஞ்சு பேசும் மேட்டி மக்கள். ஏறக்குறைய பாதி!

இருபதே ஆண்டுகளில் கணக்கு தலைகீழானது. மேட்டி குழந்தைகளுக்கு என்று ஒதுக்கிய 14 லட்சம் ஏக்கர் நிலம் தாமதத்திலும் முறைகேட்டிலும் கைமாறிப்போனது. பல குடும்பங்கள் மேற்கே புலம்பெயர்ந்தன. ஒன்டாரியோவிலிருந்து ஆங்கிலம் பேசுவோர் வந்து குவிந்தார்கள். 1885-ல் ரியேல் தூக்கிலிடப்பட்டார். 1891-ல் மாகாணத்தின் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்தைத் தாண்டியபோது, பிரெஞ்சு பேசுவோர் சிறுபான்மையாகச் சுருங்கியிருந்தார்கள். அதற்கு ஓராண்டு முன்பே, ஆங்கிலம் மட்டுமே ஆட்சிமொழி என்று மாகாணம் சட்டம் போட்டுவிட்டது. 1916-ல் பள்ளிகளிலும் பிரெஞ்சு வழிக் கல்வி நின்றது.

அந்த மொழியைக் காப்பாற்றியவர்கள் ஆசிரியைகளும் தாய்மார்களும்தான். பள்ளி ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்தால் பிரெஞ்சுப் பாடப் புத்தகங்கள் மறைவிடத்துக்குப் போகும். அவர் கிளம்பியதும் மேசைக்குத் திரும்பும். கனடாவின் பெரும் எழுத்தாளர்களில் ஒருவரான கப்ரியேல் ருவா, 1909-ல் இந்த ஊரில் பிறந்து, இப்படிப் படித்து, இங்கேயே ஆசிரியையாகவும் இருந்தவர்.

1976-ல் ஒரு சிறிய தாள் பெரிய கதவைத் திறந்தது. சென் போனிஃபாஸில் காப்பீட்டு முகவராக இருந்த ஜோர்ஜ் ஃபோரெ, வண்டியை நிறுத்தியதற்காகத் தமக்கு வந்த அபராதச் சீட்டு ஆங்கிலத்தில் மட்டும் இருந்ததைக் கண்டு வழக்குப் போட்டார். 1890-ம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்று உள்ளூர் நீதிமன்றம் 1892-லும் 1909-லும் ஏற்கெனவே சொல்லியிருந்தது. அரசு காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த முறை வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1979 டிசம்பரில் ஃபோரெ வென்றார். 1985-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், ஆங்கிலத்தில் மட்டும் இயற்றிய மனிடோபா சட்டங்கள் எல்லாவற்றையும் பிரெஞ்சிலும் கொண்டுவர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 1994-ல் மாகாணம் முழுவதற்கும் தனி பிரெஞ்சுப் பள்ளி வாரியம் அமைந்தது.

இந்தப் போராட்டத்துக்கு நடுவே சென் போனிஃபாஸ் தன் நகராட்சியையும் இழந்தது. 1908 முதல் தனி நகரமாக இருந்த அது, 1972-ல் வின்னிபெக்கோடு இணைக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1968 ஜூலையில், பேராலயம் தீப்பற்றி எரிந்தது. முகப்பும் வெளிச்சுவர்களும் மட்டுமே நின்றன. முகப்பில் வண்ணக் கண்ணாடி போன பெரிய வட்டச் சாளரத்தின் வழியே இன்று வானம் தெரிகிறது. மனிடோபாக்காரரான கட்டடக்கலைஞர் எத்தியென் கபூரி பழைய சுவர்களை இடிக்கவில்லை; அவற்றுக்குள்ளேயே புதிய ஆலயத்தைக் கட்டினார். முன்னே இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் ரியேல் உறங்குகிறார்.

இன்று மனிடோபாவில் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 40,000 பேர். நூற்றுக்கு மூன்று பேர்தான். சென் போனிஃபாஸிலேயே ஆங்கிலம் பேசுவோர்தான் அதிகம். ஆனால் வகுப்பறைக்குள் புதிய முகங்கள் தெரிகின்றன. காங்கோ, மாலி, செனெகல், மொரோக்கோ போன்ற நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே பிரெஞ்சில் படிக்கிறார்கள். புதிதாக வருவோரை வரவேற்று வீடும் பள்ளியும் காட்டிக்கொடுக்க, அந்தச் சமூகம் தனி ஏற்பாடே வைத்திருக்கிறது.

ஒரு மொழி நிலைப்பதற்குத் தலைக்கணக்கு மட்டுமே காரணம் என்று நாம் நினைக்கிறோம். சென் போனிஃபாஸ் வேறு பாடம் சொல்கிறது. பாதியாக இருந்தபோது அந்த மக்களால் நிலத்தைக் காக்க முடியவில்லை. சிறுபான்மையாகச் சுருங்கிய பிறகு உரிமையை மீட்டார்கள். பள்ளி, பத்திரிகை, அரங்கு, நீதிமன்றம் என்று மொழிக்கு வேலை கொடுக்கும் இடங்களை அவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். தொடக்கம் முதலே கலப்பு ஊராக இருந்ததால், யார் பேசினாலும் அது நம் மொழிதான் என்று ஏற்கவும் பழகினார்கள். பெரும்பான்மை பலம் இல்லாத எந்த மொழிக் குடும்பமும் இந்த இரண்டையும் அவர்களிடமிருந்து தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம்.