காலங்கடந்த கர்ப்பம்

(சூலூர்ப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



முப்பத்தைந்து வயதுக்கு மேல் பெண்கள் கர்ப்பந்தரிப்பதைப் பற்றிப் பேசும்படி கேட்டுக் கொண்டீர்கள். இது வைத்தியர் பேச வேண்டிய விஷயமாயிற்றே என்று சிலர் நினைக்கலாம். வைத்தியர்கள் சொல்லிக் கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களிடம் போகவிடாமல் நம் பெண்களை வழிமறித்து நிற்பது எது என்பதுதான் என் பேச்சு.

கலியாணமாகி மூன்று வருஷத்தில் பிள்ளை பெறாதவளுக்கு நம் பக்கத்தில் மலடி என்று பெயர். வளைகாப்புக்குக் கூட அவளைக் கூப்பிட மாட்டார்கள். இன்னொருத்தி நாற்பத்திரண்டாவது வயதில் கர்ப்பமானால், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயதில் இது என்ன கூத்து என்று சிரிப்பார்கள். பெறாததற்கும் அவமானம், பெற்றதற்கும் அவமானம்! ஆண்பிள்ளைக்கு ஐம்பதில் பிள்ளை பிறந்தால் மாத்திரம் அது பெருமையாம்!

இந்த அவமானம் எதுவரையில் கொண்டு போகும் தெரியுமா? 2019 செப்டம்பரில் ஆந்திராவிலுள்ள குண்டூரில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார், வேறொரு பெண்ணின் கருமுட்டையைக் கொண்டு கர்ப்பமாகி, வயிற்றைக் கீறி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பெற்றார். ஊரார் பேச்சைப் பல்லாண்டு சுமந்ததாக அவரே பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். பிறகு 2021 இல் வந்த சட்டம், 50 வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கும் 55 வயதுக்கு மேற்பட்ட ஆணுக்கும் இச்சிகிச்சை கூடாதென்று வரம்பு கட்டிற்று. சட்டம் டாக்டரைத் தடுக்கும். ஊர் வாயை எது தடுக்கும்?

இனி வயது செய்வது என்ன? பெண்ணின் கருமுட்டைகள் அவள் தாய் வயிற்றிலிருக்கும்போதே உண்டாகிவிடுகின்றன. நாற்பது வயதுக்காரியின் முட்டைக்கும் நாற்பது வயது. அது பிரியும்போது குரோமோசோம் பங்கீடு தவறுவது அதிகமாகிறது, கருக்கலைவதும் அதிகமாகிறது. டவுன் நோயுள்ள குழந்தை 25 வயதுத் தாய்மாரில் சுமார் 1,250 பேருக்கு ஒன்று, 35 இல் சுமார் 350 பேருக்கு ஒன்று, 40 இல் சுமார் 100 பேருக்கு ஒன்று பிறக்கிறது. பாக்கி 99 பேருக்கு அந்நோயில்லை என்பதையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். தாய்க்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வருவது இளவயதைவிட அதிகம். நஞ்சுக்கொடி கீழே படிந்து இரத்தம் போவதுமுண்டு. இதில் கிரகத்துக்கு என்ன வேலை?

ஆனால் கிரகத்துக்கு வேறொரு வேலை இருக்கிறது. படிப்புக்காகவும் உத்தியோகத்துக்காகவும் ஒரு பெண் நாலு வருஷம் தாமதித்தால் குற்றம் சொல்லுகிறவர்கள், செவ்வாய் தோஷமென்று அவளை ஏழெட்டு வருஷம் வீட்டில் வைத்திருப்பதைக் குற்றமென்று சொல்லுவதில்லை. முப்பத்திரண்டில் கலியாணம் செய்து, பிறகு நாலு வருஷம் அரசமரத்தைச் சுற்றச் சொல்லுகிறார்கள். அப்புறந்தான் டாக்டர்! அங்கேயும் பரிசோதனை அவளுக்கே. குறை ஆணிடத்திலும் இருப்பது வெகு சாதாரணம்; அவனைச் சோதிப்பதுதான் சுலபமுங்கூட. 35 வயதுக்கு மேற்பட்டவள் ஆறு மாதத்தில் கர்ப்பமாகாவிட்டால் இருவரும் சேர்ந்து போக வேண்டும்.

மற்றொரு கொடுமை, வெட்கப்பட்டு மறைப்பது. மாதவிலக்கு நிற்கிற வயதென்று எண்ணி ஐந்தாறு மாதம் பேசாமலிருப்பாள். அல்லது யாரோ கொடுத்த மாத்திரையை விழுங்கி இரத்தம் கொட்டக் கிடப்பாள். 1971 ஆம் வருஷத்துச் சட்டமும் 2021 ஆம் வருஷத்துத் திருத்தமும், தக்க காரணமிருந்தால் 20 வாரம் வரையில் ஒரு டாக்டரின் அபிப்பிராயத்தின் பேரில் கர்ப்பத்தைக் கலைக்க இடங்கொடுக்கின்றன. வயது வந்த பெண்ணுக்குப் புருஷன் கையெழுத்துக்கூட வேண்டியதில்லை. பெற்றுக் கொள்ளுவதோ வேண்டாமென்பதோ அவள் யோசித்துச் சொல்ல வேண்டியது. மாமியாரும் பங்காளியும் பஞ்சாயத்துச் செய்ய வேண்டியதல்ல.

பெற்றுக் கொள்ளுவதென்றால் நாள் தள்ளியவுடனே போங்கள். பதினொன்று முதல் பதினான்கு வாரத்துக்குள் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் ஆக வேண்டும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரங் கழித்துப் பார்க்கும் சர்க்கரைச் சோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நடக்கிறது. அழுத்தம் வராமலிருக்கச் சிறு அளவு ஆஸ்பிரின் சிலருக்குக் கொடுப்பார்கள். டாக்டரைக் கேளாமல் தொடாதீர்கள். தாங்காத தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், மேல்வயிற்று வலி, இவற்றில் எது வந்தாலும் திருஷ்டி சுற்றிப் போட்டு விடியட்டுமென்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே 108 ஐக் கூப்பிடுங்கள். சூலூரில் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. இதே திருச்சி ரோட்டில் சிங்காநல்லூரிலும் அதைத் தாண்டிக் கோவையிலும் பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. கூட வருவதற்குப் புருஷன் ஒரு நாள் தறியை நிறுத்தினால் போதும்.