சாவி தாமதமானால் வட்டி நம் உரிமை

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் வளாகத்தில் நான்கு குடும்பங்கள் பிள்ளைகளுக்காக வேறு இடத்தில் ஃபிளாட் புக் செய்திருக்கிறார்கள். சொன்ன தேதி தாண்டி 14 மாதம் ஆகிவிட்டது. ஒரு பக்கம் ஈஎம்ஐ, இன்னொரு பக்கம் வாடகை. இப்போது பில்டரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது: சாவி தயார், ஆனால் தாமதத்துக்காக எதுவும் கேட்க மாட்டோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கையெழுத்துப் போடலாமா என்பதுதான் கேள்வி. நான் வக்கீல் இல்லை; வங்கியில் வட்டி போட்டுப் பழகியவன். அந்தக் கணக்கை வைத்துச் சொல்கிறேன்.

2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம், ரெரா என்கிறோமே, அதன் 18ஆவது பிரிவு இரண்டு வழி தருகிறது. வீடே வேண்டாம் என்றால் கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். வீடு வேண்டும் என்றால், சாவி கைக்கு வரும்வரை ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் வட்டி கேட்கலாம். தமிழ்நாட்டு விதிப்படி இந்த வட்டி, ஸ்டேட் வங்கியின் அதிகபட்ச எம்சிஎல்ஆர் விகிதத்துடன் 2 சதவீதம் சேர்த்தது.

ஒரு உதாரணம். கட்டிய பணம் 50 லட்சம், வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 5,50,000. 14 மாதத்துக்கு சுமார் 6,41,000 ரூபாய். பல அக்ரிமென்ட்களில் சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய் என்று போட்டிருப்பார்கள். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு அதே 14 மாதத்துக்கு 70,000 தான் வரும். வித்தியாசத்தை நீங்களே பாருங்கள். வங்கி நேரடியாக பில்டருக்குக் கொடுத்த கடன் தொகையும் நீங்கள் கட்டிய பணம்தான், விட்டுவிடாதீர்கள். கெடு தேதிக்குப் பிறகு கட்டிய தவணைக்கு, கட்டிய நாளிலிருந்துதான் வட்டி போட வேண்டும்.

எந்தத் தேதியிலிருந்து தாமதம்? நம் ஊரில் பெரும்பாலும் மனைப் பங்குக்கு ஒரு பத்திரம், கட்டுமானத்துக்கு ஒரு ஒப்பந்தம். கட்டுமான ஒப்பந்தத்தைப் பாருங்கள். அதில் உள்ள தேதியுடன் சலுகை மாதங்கள் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். ரெராவில் பில்டர் புதிய தேதி கொடுத்திருப்பதால் உங்கள் தேதி மாறாது. 2017இல் பம்பாய் உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. வெள்ளம், புயல் போன்ற காரணங்களைச் சட்டம் ஏற்கிறது. ஆள் கிடைக்கவில்லை, பணம் புரளவில்லை என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை.

இனி அந்தக் கையெழுத்து. பெங்களூரில் தாமதமான ஒரு குடியிருப்பு வழக்கில், 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வீட்டை எடுத்துக்கொண்டதாலேயே இழப்பீட்டு உரிமை போய்விடாது என்றது. சதுர அடிக்கு 5 ரூபாய்க்கு மேல் ஆண்டுக்கு 6 சதவீத வட்டியும் கொடுக்கச் சொன்னது. ஆனால் பில்டருடன் தனியாகச் சமரச ஒப்பந்தம் போட்டிருந்த 11 பேருக்கு அந்த நிவாரணம் இல்லை. ஆகவே சாவியை வாங்குங்கள். நிறைவுச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். உரிமையை விட்டுக்கொடுக்கும் வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். மறுத்தால், ஆட்சேபத்தைப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பிவிட்டு, வக்கீலைப் பார்த்த பிறகே பேனாவை எடுங்கள்.

தாமத வட்டிக்கும் பணம் திரும்பப் பெறவும் தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் படிவம் எம். மன உளைச்சல், வாடகை போன்ற இழப்பீட்டுக்குத் தீர்ப்பு அலுவலரிடம் படிவம் என். வாடகை ரசீதும் வங்கிப் பதிவும் இல்லாமல் இரண்டாவது நிற்காது. நுகர்வோர் ஆணையமும் உண்டு, அங்கே 2 ஆண்டு கெடு. ஒரே கோரிக்கைக்கு இரண்டு இடத்திலும் போகாதீர்கள்.

உத்தரவு வந்தும் பில்டர் கட்டாவிட்டால், நிலவரி பாக்கி போல வசூலிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. மேல்முறையீடு செய்வதானாலும், உங்களுக்குத் தர வேண்டிய மொத்தத் தொகையைத் தீர்ப்பாயத்தில் முதலில் கட்ட வேண்டும்.

நான்கு குடும்பங்களும் பாஸ்புக், ரசீது, ஒப்பந்த நகலோடு இந்த ஞாயிறு காலை சங்க அறைக்கு வாருங்கள். தேதி வாரியாக வட்டிக் கணக்கை உட்கார்ந்து போட்டுவிடலாம். அதுவரை யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.