ஆலயப் படலையில் யார் நிற்பது?

(மட்டக்களப்பில் சபை மூப்பர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வேளாண்மை செய்தவன் வயலிற் காவற்பரண் அமைப்பதை எவரும் கோழைத்தனம் என்பதில்லை. ஆலயத்திற்குக் காவல் வேண்டுமென்றால் மட்டும், "ஆண்டவரில் நம்பிக்கை இல்லையோ?" என வினவுவார் நம்மிடையே உளர். அதற்கு விடை 2019 ஏப்ரல் 21ஆம் நாள் இந்நகரிலேயே கிடைத்தது.

அன்று உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் கொலைஞர் ஆலயத்தினுள் நுழைந்தே குண்டை வெடிக்கச் செய்தனர். சீயோன் தேவாலயத்திலோ, பை சுமந்து நின்ற அந்நியனைச் சபையார் ஒருவர் வினவினார்; வெளியே போகுமாறு பணித்தார். குண்டு முற்றத்தில் வெடித்தது. மண்டபத்தினுள் இருந்தோரிற் பெரும்பாலோர் தப்பினர். வினவியவர் மாண்டார். ஓய்வுநாட் பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்ற குழந்தைகளும் மாண்டனர். ஏறத்தாழ 30 உயிர்கள்!

அந்தக் கேள்வி வீதிப் படலையிலேயே கேட்கப்பட்டிருப்பின்? குழந்தைகள் அவ்வேளை பின்வளவில் நின்றிருப்பின்? மாண்டவர்மீது நாம் குறை சொல்லவில்லை. இனி வகுக்கவேண்டிய ஒழுங்கையே சொல்கின்றோம்.

அரசாங்கம் காக்குமென்று இருப்போமோ? அவ்வாண்டு ஏப்ரல் 4ஆம் நாளே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. ஆலயங்களுக்கு அது வந்து சேரவில்லை. அன்றைய ஜனாதிபதியும் உயரதிகாரிகளும் மக்களின் அடிப்படை உரிமையை மீறினரென உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12இல் தீர்ப்பளித்தது. 1995 ஜூலை 9இல் நவாலி சென்பீற்றர்ஸ் ஆலயத்திற் தஞ்சம் புகுந்தோர்மீது குண்டு பொழிந்தது அரசின் விமானமே. 2005 நத்தார் ஆராதனையின்போது இந்நகரின் மரியன்னை பேராலயத்தில் யோசப் பரராஜசிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை.

துப்பாக்கி ஏந்திய காவலரை நிறுத்தலாமென இளைஞர் சிலர் கூறுகின்றனர். நாம் உடன்படோம். ஆயுதம் நிற்கும் படலையால் நுழைய ஏழைக் கிழவி அஞ்சுவாள். சபையாரைப் பெயர் சொல்லி அழைக்கத்தக்க ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஆராதனைக்கு அரைமணி முன்பே வீதிப் படலையில் நிற்கட்டும். புதியவரை வணங்கி, ஊரும் பேரும் விசாரிக்கட்டும். நல்லவன் அதை உபசாரமெனக் கொள்வான். தீயவன் தன் முகம் அறியப்பட்டதை உணர்வான். பெரிய பைகள் படலையைத் தாண்டலாகாது. உடையையும் தாடியையும் கண்டு ஐயுறல் வேண்டா. 2019இன் பின்னர் குற்றமற்ற முஸ்லிம் அயலவர் பட்ட துன்பத்தை நாமறிவோம்.

பக்கக் கதவுகள் ஆராதனை வேளையிற் பூட்டப்படலாகாது. கள்வனுக்கு அஞ்சியிட்ட பூட்டு, நெருப்பு வேளையில் நம்மையே உள்ளே அடைக்கும். இதைச் சொன்னால் ஏனோ பலருக்குக் கோபம் வருகின்றது!

தாதியர் நம் சபைகளில் உளர்; அவர்கள் எவ்விடத்தில் அமர்வதென்றும், குழந்தைகளின் வகுப்பு எப்போது கலைவதென்றும் அடுத்த ஞாயிறுக்கு முன் மூப்பர்கள் தீர்மானித்தல் வேண்டும்.