சந்தைப் பங்கும் இலாபமும்

ஒரு வணிக நிறுவனத்தின் வலிமையை எதனைக் கொண்டு அளப்பது? விற்ற பொருளின் தொகையைக் கொண்டா, விற்று ஈட்டிய இலாபத்தைக் கொண்டா? வினா பழையது. ஆயினும், இன்று நம்மிற் பலர் கையிலே வைத்திருக்கும் திறன்பேசியின் வரலாறு அதற்குப் புதிய விளக்கம் தருகின்றது.

முதலிற் சொற்களின் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். உலகில் நூறு திறன்பேசிகள் விற்கப்படும்போது அவற்றுள் இருபது ஒரு கம்பனியினுடையவை எனின், அதன் சந்தைப் பங்கு நூற்றுக்கு 20 ஆகும். அந்த இருபதையும் விற்றுப் பெற்ற பணத்திலே செலவெல்லாம் போக எஞ்சுவது இலாபம். முன்னையது பெருகினாற் பின்னையதும் தானே பெருகும் என்று எண்ணுதல் இயல்பே. ஆனால் உண்மை அவ்வாறு அமையவில்லை.

2021ஆம் ஆண்டின் இரண்டாங் காலாண்டை எடுத்துக்கொள்வோம். விற்பனைத் தொகையிலே தென் கொரியாவின் சம்சுங் முதலிடத்திலும், சீனாவின் சியாமி இரண்டாம் இடத்திலும் நின்றன. அமெரிக்காவின் அப்பிள் அவற்றுக்குப் பின்னே நின்றது. கவுண்டர்பொயின்ற் என்னும் ஆய்வு நிறுவனத்தின் கணிப்பின்படி, அக்காலத்தில் உலகில் அனுப்பப்பட்ட கையடக்கத் தொலைபேசிகளுள் நூற்றுக்கு 13 மட்டுமே அப்பிளினுடையவை. ஆனால் அத்தொழில் முழுவதும் ஈட்டிய செயற்பாட்டு இலாபத்திலோ நூற்றுக்கு 75 அந்த ஒரு கம்பனியையே சேர்ந்தது!

இதன் காரணம் யாது? அப்பிள் தன் கருவியை இயக்கும் மென்பொருளையும் தானே ஆக்குகின்றது. அம்மென்பொருளுக்குப் பழகியவர், வேறு கருவிக்கு மாற எளிதில் விரும்பார். ஏனைய கம்பனிகளிற் பெரும்பாலானவை கூகிளின் அன்ட்ரொயிட் என்னும் பொது மென்பொருளையே நம்பியுள்ளன. ஆதலின் வாங்குவோன் ஒரு கடையை விட்டு அடுத்த கடைக்குச் செல்வதுபோல எளிதாக மாறிவிடுகின்றான். அவனைப் பிடித்து வைக்க விலையைக் குறைப்பதன்றி வேறு வழி அரிது. விலை குறையக் குறைய இலாபமும் தேய்கின்றது.

பங்கு மட்டும் ஒரு கம்பனியைக் காப்பாற்றாது என்பதற்குப் பின்லாந்தின் நொக்கியா சான்று. 2011இல் அது 40 கோடிக்கு மேற்பட்ட தொலைபேசிகளை விற்று உலகின் முதலிடத்தில் இருந்தது. அவற்றுட் பெரும்பாலானவை விலை குறைந்த எளிய கருவிகள். இலாபம் தரும் திறன்பேசிச் சந்தையோ பிறர் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டே ஆண்டுகளில், 2013 செப்டெம்பரில், தன் தொலைபேசித் தொழிலை ஏறத்தாழ 544 கோடி யூரோவுக்கு மைக்ரோசொப்ட் கம்பனிக்கு விற்க அது உடன்பட்டது. தென் கொரியாவின் எல்.ஜி. கம்பனியும் ஏறக்குறைய ஆறாண்டுகளில் 450 கோடி டொலர் அளவுக்கு நட்டமடைந்து, 2021 ஏப்ரலில் இத்தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தது.

அவ்வாறாயின் பங்கைத் தேடுவோர் யாவரும் அறிவிலிகளா? அல்லர். கருவிகளை விற்பதில் நிகர இலாபம் நூற்றுக்கு 5ஐத் தாண்டாது என்று 2018இல் சியாமி உறுதி கூறியது. மலிவான கருவியாற் பலரைச் சேர்த்து, பின்னர் விளம்பரத்தாலும் பிற சேவைகளாலும் ஈட்டுவதே அதன் நோக்கம். பங்கு அங்கே விதைநெல் போன்றது. விளைந்தால் நன்று, விளையாவிடின் விதையும் போயிற்று.

நேயர்களே, இஃது ஏதோ கம்பனிகளின் கணக்கு, நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. திறன்பேசிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் காலந்தோறும் வந்துகொண்டிருத்தல் வேண்டும். அவை நின்றுபோன கருவியில் வங்கிக் கணக்கைக் கையாளுதல், பூட்டுப் பழுதான பெட்டியிலே பணத்தை வைப்பதற்கு ஒப்பாகும். அத்திருத்தங்களைச் செய்யும் பொறியியலாளருக்குச் சம்பளம் கொடுக்க இலாபம் வேண்டும். 2023இல் கூகிளும், 2024இல் சம்சுங்கும் தத்தம் உயர்ந்த விலைக் கருவிகளுக்கு ஏழாண்டுத் திருத்தங்களை வாக்களித்தன. அக்காலத்து மலிவுக் கருவிகள் பலவற்றுக்கு அத்துணை நீண்ட வாக்குறுதி கிடைக்கவில்லை. ஆகவே, சிறிய விலை கொடுத்து வாங்கிய ஏழையே விரைவில் மறுபடியும் வாங்கும் நிலைக்கு ஆளாகின்றான்.

அதற்காக மிகுந்த இலாபமெல்லாம் வாங்குவோனுக்கு நன்மை என்றும் கொள்ளற்க. மாறிச் செல்ல வழியில்லாத வாடிக்கையாளனிடம் எவ்விலையும் கேட்கலாம். திறன்பேசிச் சந்தையைத் தன் முற்றுரிமையாக்க அப்பிள் முறைகேடாக முயன்றது என 2024 மார்ச்சில் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்ததும், அக்கம்பனி அக்குற்றச்சாட்டை மறுத்ததும் இங்கு நினைவுகூரத்தக்கன.

ஆதலின், "இதுவே மிகுதியாக விற்பது" என்னும் விளம்பரத்தைக் கேட்டு மயங்காதிருப்போம். கடைக்காரரிடம் ஒரு வினாவைத் தவறாது கேட்போம்: "இக்கருவிக்கு எத்தனை ஆண்டுகள் திருத்தங்கள் வரும்?" விலையை அந்த ஆண்டுகளால் வகுத்துப் பார்த்தால், மலிவு எது, அருமை எது என்பது விளங்கும். நான்காம் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடிய கணக்கு அது.